புதிதாக வாங்கிய தாடி ஓணான் தீனி எடுக்க வழி

நாய், பூனை, கிளி, புறா, வண்ணமீன் என்று வளர்த்து வந்த வீடுகளில் இப்போது தாடி ஓணானும் இடம் பிடித்து வருகிறது. 'பியர்டட் டிராகன்' என்ற பெயரில் விற்கப்படும் இந்த ஓணான், ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் உள்ள வறண்ட நிலங்களைச் சேர்ந்தது. வளர்ந்த ஓணான் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 45 முதல் 60 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நல்ல பராமரிப்பில் 8 முதல் 12 ஆண்டுகள் வரை உயிர் வாழும். பயமோ கோபமோ வந்தால் கழுத்தின் அடிப்பக்கத்தில் உள்ள முள் போன்ற செதில்களை உப்ப வைத்துக் கருப்பாக்கிக் கொள்ளும். அது தாடி போலத் தெரிவதால் இந்தப் பெயர் வந்தது.

சாதுவான பிராணி, கையில் ஏறி உட்காரும், சத்தம் போடாது. ஆகையால் குழந்தைகள் உள்ள வீடுகளில் இதை விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் வாங்கிய முதல் வாரத்திலேயே பலருக்கும் ஒரு கவலை வருகிறது. கடையில் ஓடி ஓடி இரை பிடித்த குட்டி, வீட்டுக்கு வந்ததும் மூலையில் ஒடுங்கிக் கொள்கிறது. எதிரே பூச்சியை விட்டாலும் பார்ப்பதில்லை. இரண்டு நாள், மூன்று நாள், ஐந்து நாள் என்று பட்டினி நீள்கிறது. பயந்துபோன குடும்பத்தார் கையில் எடுத்து வாயைத் திறந்து ஊட்டப் பார்க்கிறார்கள். பல குட்டிகள் பட்டினியைவிட இந்த அவசரத்தாலேயே கெட்டுப் போகின்றன. வேறு சில வீடுகளில் 'தானாகத் தின்னும்' என்று அளவுக்கு மீறிக் காத்திருந்து குட்டியை இழந்து விடுகிறார்கள். எவ்வளவு நாள் பொறுக்கலாம், எப்போது பொறுக்கக் கூடாது என்பதைத் தெரிந்து கொள்வதே இதில் முக்கியம்.

தின்ன மறுப்பது ஏன்?

சந்தையில் பிடித்து வந்த மாடு, புதுத் தொழுவத்தில் முதல் இரண்டொரு வேளை தீனியைச் சரியாக எடுக்காது. பாலும் குறையும். பழகிய இடம், பழகிய ஆள், பழகிய தீவனம் மூன்றும் ஒரே நாளில் மாறிவிட்டதே காரணம். தாடி ஓணானுக்கும் இதேதான் நேர்கிறது. ஆனால் மாட்டுக்கு இல்லாத இன்னொரு தடை ஓணானுக்கு உண்டு.

மாடு தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக் கொள்ளும். ஓணானால் அது முடியாது. வெயிலிலிருந்தோ, சூடான கல்லிலிருந்தோதான் அது சூட்டைப் பெற வேண்டும். தாடி ஓணானின் உடல் சுமார் 35 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறினால்தான் குடல் நன்றாக வேலை செய்யும். உடல் குளிர்ந்திருந்தால் பசி எடுக்காது. வலியத் தின்றாலும் வயிற்றில் செரிக்காமல் கிடந்து அழுகும். எனவே தின்னாத ஓணானுக்கு முதலில் தேவை சூடு, அடுத்தது அமைதி. தீனி அதற்குப் பிறகுதான்.

இதை அறிய ஆஸ்திரேலியா வரை போக வேண்டியதில்லை. நம் ஊர் வேலி ஓணானும் தாடி ஓணானும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. காலையில் வெயில் ஏறும் வரை வேலி ஓணான் அசையாமல் கிடக்கும். உடல் சூடேறிய பிறகே எறும்பையும் பூச்சியையும் துரத்தும். மூட்டமான நாட்களில் அதை வெளியில் காண்பதே அரிது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், ரோமுலஸ் விட்டேகர் 1976ஆம் ஆண்டில் தொடங்கிய முதலைப் பண்ணைக்குச் சென்றவர்களும் இதைப் பார்த்திருப்பார்கள். முதலைகள் கரையில் வெயிலில் கிடந்து சூடேற்றிக் கொள்ளும். சூடு மிஞ்சினால் வாயைப் பிளக்கும், அல்லது நீரில் இறங்கிவிடும். வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிச் செல்வதே ஊர்வனவற்றின் பிழைப்பு. ஓணான் கூண்டிலும் இந்த இரண்டும் இருக்க வேண்டும்.

கூண்டு அமைப்பு

வளர்ந்த ஓணான் ஒன்றுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள கூண்டு தேவை. குட்டிக்கு இதில் பாதி நீளம் சில மாதங்களுக்குப் போதும். ஓணானைக் கொண்டு வருவதற்கு முந்தின நாளே கூண்டைத் தயார் செய்து, விளக்கை எரியவிட்டு, சூட்டை அளந்து பார்த்துவிட வேண்டும். பிராணியை வைத்துக்கொண்டு கூண்டை அடுக்குவது தவறான முறை.

கூண்டின் ஒரு கோடியில் சூடு தரும் விளக்கைப் பொருத்தி, அதன் கீழே தட்டையான கருங்கல் ஒன்றை வைக்கலாம். அந்தக் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி வரை சூடாக இருக்க வேண்டும். மறு கோடி 25 முதல் 28 டிகிரிக்குள் இருப்பது நல்லது. கையால் தொட்டுப் பார்த்துச் சூட்டை மதிப்பிடக் கூடாது. பொருள்களின் சூட்டை அளக்கும் வெப்பமானி வேண்டும். காய்ச்சல் பார்க்க நெற்றியில் காட்டும் கருவி இதற்குப் பயன்படாது. விளக்கில் பட்டுச் சுட்டுக் கொள்ளாதபடி கம்பி வலை கட்ட வேண்டும்.

சூட்டு விளக்கு மட்டும் போதாது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்தான் ஓணானின் தோலில் வைட்டமின் டி உண்டாக வழி செய்கிறது. அது இல்லாவிட்டால் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. பாலைவன ஊர்வனவற்றுக்கென விற்கப்படும் புற ஊதாக் குழல் விளக்கைக் கூண்டின் நீளத்தில் பாதிக்கு மேல் வருமாறு பொருத்த வேண்டும். வெளிச்சம் இருந்தாலும் கதிரின் வலு நாளாக ஆகக் குறைந்துவிடும்; ஆகையால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, தயாரிப்பாளர் குறிப்பிட்டபடி குழலை மாற்ற வேண்டும். கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலை நம்பிப் பயனில்லை.

நம் பகுதியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஓணான் பழகிய பிறகு, காலை 8 மணி வாக்கில் கம்பிக் கூண்டில் வைத்து 20 நிமிடம் வெயில் காட்டலாம். கூண்டின் பாதி நிழலில் இருக்க வேண்டும். காகமும் பூனையும் அண்டாதபடி ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் வெந்து செத்துவிடும்.

தரைக்குப் பழைய செய்தித்தாளோ, சொரசொரப்பான ஓடோ போதும். கடற்கரை அருகில் இருக்கிறதே என்று மணலை அள்ளிவந்து கொட்டக் கூடாது. குட்டி பூச்சியோடு மணலையும் விழுங்கும். அது குடலில் அடைத்துக் கொள்ளும். தாளில் எச்சத்தைப் பார்ப்பதும் எளிது.

ஒளிந்து கொள்ள ஓர் இடமும் வேண்டும். முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. விஷம் எடுப்பதற்காகப் பிடித்த பாம்புகளை அவர்கள் மண்பானைக்குள் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். இருட்டும் அடக்கமான இடமும் கிடைத்தால் பாம்பு அமைதியடையும். ஓணானுக்கும் பாதியாக உடைந்த மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் அதுவே நல்ல ஒளிவிடம். சட்டியின் விளிம்பு உடம்பைக் கீறாதபடி தேய்த்துவிட வேண்டும்.

ஒரு கூண்டில் ஓர் ஓணானை மட்டுமே வைக்க வேண்டும். இரண்டாக வைத்தால் ஒன்று மற்றதன் மேல் ஏறிப் படுத்துச் சூட்டையும் தீனியையும் பிடித்துக் கொள்ளும். பார்ப்பவர்களுக்கு அது பாசம் போலத் தோன்றும். அடங்கிப்போகும் ஓணானோ நாளுக்கு நாள் மெலியும்.

கடற்கரை ஈரம்

தாடி ஓணானின் சொந்த நாடு வறண்டது. கூண்டுக் காற்றின் ஈரம் 30 முதல் 40 சதவீதம் வரை இருப்பது அதற்கு உகந்தது. கோவளம் முதல் கல்பாக்கம் வரையிலான கரையில் ஆண்டின் பெரும்பகுதியும் காற்றில் இதைவிட மிக அதிகமான ஈரம் இருக்கும். ஈரம் தங்கினால் தோலில் பூஞ்சணமும் நெஞ்சில் சளியும் பிடிக்கும். ஆகவே நான்கு பக்கமும் அடைத்த கண்ணாடித் தொட்டியைவிட, மேற்புறமும் ஒரு பக்கமும் கம்பி வலை போட்ட மரக்கூண்டே இங்கு ஏற்றது. தண்ணீர்த் தட்டைக் குளிர்ந்த கோடியில் வைக்க வேண்டும். சூட்டு விளக்கின் கீழ் வைத்தால் கூண்டு முழுவதும் ஆவி பரவும்.

செங்கல்பட்டுப் பக்கம் உள்நாட்டில் சிக்கல் வேறு. சித்திரை, வைகாசியில் ஓட்டு வீடும் தகர வீடும் பகலில் 35 டிகிரிக்கு மேல் போய்விடும். அப்போது கூண்டில் குளிர்ந்த கோடி என்பதே இராது. சூடு தாங்காத ஓணானும் தீனி எடுக்காது. வாயைப் பிளந்தபடி கூண்டின் மறு கோடியில் ஒண்டிக்கிடக்கும். அந்த மாதங்களில் நண்பகலில் சூட்டு விளக்கை அணைத்து, வீட்டிலேயே குளுமையான அறையில், தரை மட்டத்தில் கூண்டை வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதற்கு நேர்மாறாக விளக்கைக் கூடுதல் நேரம் எரிக்க வேண்டியிருக்கும்.

முதல் 14 நாட்கள்

முதல் நாள்: காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் கொண்டுவந்து, முன்பே சூடேறியிருக்கும் கூண்டில் விட வேண்டும். பெட்டியோடு எடை போட்டு, பிறகு வெறும் பெட்டியின் எடையைக் கழித்தால் ஓணானின் எடை கிடைக்கும். சமையலறைத் தராசு போதும். அன்று இரை விட வேண்டாம். தண்ணீரும் இரண்டொரு தழையும் மட்டும் போதும். கூண்டின் மூன்று பக்கங்களைத் துணியாலோ தாளாலோ மறைத்துவிட வேண்டும். கண்ணாடியில் தன் உருவத்தையே பார்த்து வேறு ஓணான் என்று மிரள்வதும் உண்டு.

இரண்டு, மூன்றாம் நாட்கள்: காலை 7 மணிக்கு விளக்கைப் போட்டால், ஓணான் சூடேறிய பிறகு 9 மணி வாக்கில் இரண்டு மூன்று சிறிய பூச்சிகளை விடலாம். விட்டவர் எதிரே நிற்காமல் விலகிவிட வேண்டும். 15 நிமிடத்தில் தின்னாவிட்டால் பூச்சிகளை எடுத்துவிட வேண்டும். கூண்டிலேயே விட்டுவைத்தால் இரவில் அவை ஓணானின் விரலையும் கண்ணோரத்தையும் கடிக்கும். கையில் எடுப்பது, அக்கம்பக்கத்தாருக்குக் காட்டுவது, படம் பிடிப்பது எல்லாம் இப்போது கூடாது.

நான்கு முதல் ஏழாம் நாள் வரை: தினமும் ஒரே ஆள், ஒரே நேரத்தில் தீனி வைக்க வேண்டும். முன்பு என்ன தின்று பழகியது என்று விற்றவரிடம் கேட்டு, அதையே முதலில் தருவது நல்லது. புதுத் தீனியைப் பிறகு சிறிது சிறிதாகப் பழக்கலாம். ஓணானுக்கு அசைகிற இரைதான் கண்ணில் படும். ஆகையால் மரத்துப்போன பூச்சி, காய்ந்த பூச்சி இவற்றைவிட உயிருள்ள பூச்சி பயன் தரும். நான்காம் நாளும் ஏழாம் நாளும் எடை பார்க்க வேண்டும்.

இரண்டாவது வாரம்: தீனி எடுக்கத் தொடங்கிய பிறகு, ஐந்து நிமிடம் கையை மட்டும் கூண்டுக்குள் வைத்துப் பழக்கலாம். ஓணான் மிரளாவிட்டால், அடிப்பக்கம் கை கொடுத்துத் தூக்கலாம். மேலிருந்து பிடிக்கக் கூடாது. பருந்து பாய்வது போல அதற்குத் தோன்றும். தீனி தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் தூக்கவும் கூடாது.

மாலையில் விளக்கு அணைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தீனியை நிறுத்திவிட வேண்டும். சூடு இல்லாத இரவில் நிறைந்த வயிறு கேடு செய்யும். இரவில் எந்த விளக்கும் வேண்டாம்.

இந்த நாட்களில் ஒரு நோட்டில் தேதி, எடை, தின்ற அளவு, எச்சம் போட்டதா என்ற நான்கையும் எழுதி வைத்தால், மருத்துவரிடம் போக நேர்ந்தால் அதுவே பெரிய உதவி.

எந்தத் தீனி, எவ்வளவு?

குட்டிப் பருவத்தில் தீனியில் முக்கால் பங்கு பூச்சியும் கால் பங்கு தழையும் இருக்க வேண்டும். ஒரு வயதுக்கு மேல் இது தலைகீழாக மாறும். தழையே முக்கால் பங்கு. குட்டிக்குத் தினம் இரண்டு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் 10 முதல் 15 நிமிடத்தில் தின்னும் அளவு பூச்சி தரலாம். வளர்ந்ததற்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் பூச்சி போதும். தழை தினமும் வேண்டும்.

பூச்சியின் அளவு ஓணானின் இரு கண்களுக்கும் இடையே உள்ள தூரத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. பெரிய இரை செரிக்காமல் குடலை அடைக்கும். பின்னங்கால்கள் இழுத்துக் கொள்வதும் உண்டு.

வளர்த்து விற்கப்படும் சுவர்க்கோழிப் பூச்சி நல்ல இரை. பட்டுப்புழுவும் மென்மையான, சத்தான இரை. கூடு கட்டும் முன் உள்ள சிறு புழுவாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பறவைத் தீனிக் கடைகளில் 'மீல்வார்ம்' என்று விற்கும் மாவுப்புழுவில் கொழுப்பும் கடினமான தோலும் அதிகம். எப்போதாவது இரண்டொன்று தரலாம். பூச்சிகளை வாங்கியவுடன் கொடுக்காமல், ஒரு நாள் முழுவதும் முருங்கைக்கீரை, கேரட் துண்டு, தவிடு போட்டுத் தின்ன வைத்து, பிறகு கொடுத்தால் அந்தச் சத்து ஓணானுக்குச் சேரும்.

தழைகளில் முருங்கைக்கீரை, கொத்தமல்லித் தழை, செம்பருத்திப் பூ ஆகியவை ஏற்றவை. முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடலைப் பொடியாக நறுக்கித் தரலாம். துருவிய பரங்கிக்காயின் மஞ்சள் நிறம் ஓணானின் கண்ணைக் கவரும். தழையைத் தொடாத குட்டிக்கு அதன் மேல் தூவிப் பழக்கலாம். பாலக் கீரையிலும் தண்டுக்கீரை வகைகளிலும் உள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். அவற்றை வழக்கத் தீனியாக்கக் கூடாது. வெங்காயம், பூண்டு, வெண்ணெய்ப்பழம், சோறு, பால் இவை ஓணானின் தீனி அல்ல.

வயலில் பிடித்த பூச்சி ஆபத்து

நெல் வயலிலும் கத்தரித் தோட்டத்திலும் வெட்டுக்கிளிக்குப் பஞ்சமில்லை என்பதால் பிள்ளைகளை விட்டுப் பிடித்து வந்து போடுவது எளிதாகத் தோன்றும். மருந்து தெளித்த வயலில் அரை உயிராக இருக்கும் பூச்சிதான் முதலில் கையில் அகப்படும். அதைத் தின்ற ஓணான் அன்றே சாகலாம். எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாக இருக்கும் வெட்டுக்கிளி, எருக்கின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும். அதைத் தரவே கூடாது.

மின்மினிப் பூச்சியும் அப்படியே. அமெரிக்காவில் வளர்ப்புத் தாடி ஓணான்கள் மின்மினியைத் தின்று இறந்திருக்கின்றன. அங்குள்ள மின்மினியில் தேரையின் நஞ்சை ஒத்த பொருள் இருப்பதே காரணம் என்று கண்டறியப்பட்டது. ஒரே ஒரு பூச்சி போதும், உயிர் போய்விடும். மழைக்காலத்தில் வீட்டு விளக்கைத் தேடி வரும் பூச்சிகள் கூண்டுக்குள் நுழையாதபடி வலை நெருக்கமாக இருக்க வேண்டும்.

கணவாய் ஓடும் சுண்ணாம்புச் சத்தும்

பூச்சிகளில் சுண்ணாம்புச் சத்து குறைவு, பாஸ்பரஸ் அதிகம். சுண்ணாம்புச் சத்து தனியே தராவிட்டால் சில மாதங்களில் குட்டியின் தாடை ரப்பர் போல மெத்தென்றாகும், கை கால் வளையும், விரல்கள் துடிக்கும். பிறகு தின்ன ஆசைப்பட்டாலும் கடிக்க முடியாது.

பாஸ்பரஸ் கலவாத கால்சியம் தூள் கடையில் கிடைக்கும். ஒரு சிறு டப்பாவில் பூச்சியையும் தூளையும் போட்டுக் குலுக்கினால் தூள் ஒட்டிக்கொள்ளும். குட்டிக்கு வாரத்தில் ஐந்து நாள், வளர்ந்ததற்கு வாரம் இரண்டு மூன்று நாள் இப்படித் தரலாம்.

மாமல்லபுரம் கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். கிளி வளர்ப்போர் கூண்டில் தொங்கவிடுவது இதையே. உப்புப் போக இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, கொதிக்க வைத்து, வெயிலில் காயவைத்து, ஓட்டின் கெட்டிப் பகுதியை நீக்கிவிட்டு, மென்மையான பகுதியை மட்டும் மாவாக இடித்துச் சலித்தால் செலவில்லாத சுண்ணாம்புச் சத்துத் தூள் கிடைக்கும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு வேறு. அது காரம், வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும்.

தண்ணீர்

தாழ்வான தட்டில் தினமும் மாற்றிய தண்ணீர் இருக்க வேண்டும். பல ஓணான்கள் அசையாத நீரைக் கண்டு குடிப்பதில்லை. மூக்கு நுனியில் இரண்டு சொட்டு விட்டால் நக்கிக் குடிக்கும். பழகிய பிறகு, எச்சம் போடாமல் இருந்தால், தோள் மட்டத்துக்கு மேற்படாத வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் விடலாம். துடைத்து, உடனே சூட்டுக் கல்லில் விட வேண்டும்.

எவ்வளவு நாள் பொறுக்கலாம்?

நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் உடம்பில் சேமிப்பு மிகக் குறைவு. சூடு சரியாக இருந்தும் மூன்று நாள் எதுவுமே தின்னாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நான்கு மாதம் முதல் ஒரு வயது வரை உள்ளது ஒரு வாரம் தாங்கும். வளர்ந்த ஓணான், எடை குறையாமல் இருந்தால், இரண்டு வாரம் தின்னாவிட்டாலும் பதற வேண்டியதில்லை. தோல் உரிக்கும் நாட்களில் எல்லா வயதிலும் தீனி சற்றுக் குறையும். வளர்ந்தவை மார்கழி, தை மாதங்களில் சில வாரம் சோம்பிக் கிடப்பதும் உண்டு. குட்டி அப்படிக் கிடந்தால் அது நோய்தான்.

கீழ்க்கண்ட குறிகளில் எதைக் கண்டாலும் நாள் கணக்குப் பார்க்கக் கூடாது: எடையில் பத்தில் ஒரு பங்கு குறைதல், கண் குழிதல், சூடேறிய பின்னும் தாடியும் வயிறும் கறுத்தே இருத்தல், வாயில் நுரை, மூச்சு இழுப்பு, கை கால் நடுக்கம், துர்நாற்றமுள்ள பேதி, எச்சத்தில் இரத்தம், தோலில் மஞ்சள் பூஞ்சணப் படை.

மருத்துவரிடம் போகும்போது 24 மணி நேரத்துக்கு உட்பட்ட எச்சத்தைச் சிறு டப்பாவில் கொண்டு போக வேண்டும். இந்த ஓணான்களுக்குக் குடற்புழுவும் கழிச்சல் நோய்க் கிருமியான காக்சிடியாவும் சகஜம். இடம் மாறிய அதிர்ச்சியில் அவை பெருகிப் பசியை அடக்கிவிடும். ஆடு, கோழிகளின் எச்சத்தைப் பரிசோதிப்பது போலவே இதையும் நுண்ணோக்கியில் பார்க்கலாம். ஆட்டுக்கு வாங்கி வைத்த குடற்புழு மருந்தை உத்தேசமாகச் சொட்டு விடுவது கொலைக்குச் சமம். வாயை நெம்பித் திறந்து ஊட்டுவதும் கூடாது. தாடை முறியும், தீனி மூச்சுக்குழலில் இறங்கும். ஊட்ட வேண்டிய நிலை வந்தால் அதை மருத்துவர் செய்வார். அல்லது செய்யும் முறையைக் காட்டித் தருவார்.

புயலும் மின்வெட்டும்

2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. இத்தகைய நாட்களில் மின்சாரம் நின்று, வெயிலும் இராது. விளக்கு எரியாத நாளில் பூச்சி தரக் கூடாது. தண்ணீர் மட்டும் போதும். கூண்டைத் தடித்த துணியால் போர்த்தி, காற்றுக்குச் சிறு வழி விட்டு, வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிய புட்டியை ஒரு மூலையில் வைக்கலாம். இரண்டு நாள் பட்டினி தீங்கு செய்யாது. செரிக்காத தீனி தீங்கு செய்யும். மின்சாரம் வந்து, ஒரு பகல் முழுவதும் சூடேறிய பிறகே தீனி தர வேண்டும்.

வாங்கும் முன்

ஆஸ்திரேலியா தன் ஓணான்களை வணிகத்துக்காக உயிருடன் ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. உலகெங்கும் முறையாக விற்கப்படுபவை பிற நாடுகளில் கூண்டில் பிறந்தவற்றின் வழிவந்தவை. சென்னை விமான நிலையத்தில் பெட்டியில் அடைத்துக் கடத்தி வந்த அயல்நாட்டு ஊர்வன பலமுறை பிடிபட்டிருக்கின்றன. அப்படி வந்த குட்டி தாகத்தோடும் நோயோடும் வந்து சேரும். தின்ன மறுப்பதற்கு அதுவே பாதிக் காரணம். எனவே எங்கே பிறந்தது என்பதற்கான ரசீதும் விவரமும் கேட்டு வாங்க வேண்டும். அயல்நாட்டுப் பிராணிகளைப் பதிவு செய்யும் விதிகள் அண்மை ஆண்டுகளில் மாறி வருவதால், வாங்கும் முன் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக் கொள்வது நலம். நம் நாட்டு உடும்பு, பச்சோந்தி, நட்சத்திர ஆமை ஆகியவற்றைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கடையில் குட்டி தின்பதை நேரில் பார்த்தே வாங்க வேண்டும். கண் தெளிவாகவும், வாலடி சதைப்பற்றோடும், ஆசனவாய் சுத்தமாகவும் இருக்க வேண்டும். 15 சென்டிமீட்டருக்குக் குறைந்த சிறு குட்டியைப் புதியவர்கள் வாங்காதிருப்பது நல்லது. வளர்க்க முடியாமல் போனால் சவுக்குத் தோப்பிலோ புதரிலோ விட்டுவிடக் கூடாது. அது பிழைக்காது, பிழைத்தாலும் நம் ஓணான்களுக்கு நோயைத் தரும்.

ஊர்வனவற்றின் எச்சத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கும். தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் கொடுக்கக் கூடாது. தட்டுகளைச் சமையலறையில் கழுவக் கூடாது.

நினைவில் வைக்க

கொண்டு வருமுன் கூண்டைச் சூடேற்றுக. முதல் வாரம் தொடாதீர். தின்னாவிட்டால் முதலில் கல்லின் சூட்டை அளந்து பார்க்க. அடுத்து ஒளிவிடமும் மறைப்பும் உண்டா என்று பார்க்க. பிறகே தீனியை மாற்றிப் பார்க்க. வாரந்தோறும் எடை எழுதுக. குட்டிக்கு மூன்று நாள், இளம் ஓணானுக்கு ஒரு வாரம், வளர்ந்ததற்கு இரண்டு வாரம். அதற்கு மேல் மருத்துவர். இந்த வரிசையை மாற்றாமல் கடைப்பிடித்தால், நோயில்லாத ஓணான் தானாகவே ஒரு காலையில் சூட்டுக் கல்லிலிருந்து இறங்கிவந்து இரை பிடிக்கும்.